இரண்டு நிஜம், ஒரு புளுகு

நாற்காலிகளை வட்டமாகப் போட யாரும் உதவிக்கு வரவில்லை. கிடங்கின் கேன்டீனில் பாதியைப் பலகைத் தடுப்பு வைத்து மறைத்து, அதன் மேல் 'பயிற்சி அறை' என்று காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். இந்தப் பக்கம் கைதட்டு சார், ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன பிளாஸ்டிக் நாற்காலிகளை முழங்காலால் அழுத்திப் பிடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த மனைவி பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாள்.

கைதட்டு சார் என்பது தெரு வைத்த பெயர். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் வீட்டு பீரோக் கண்ணாடிக்கு எதிரே நின்று ஒத்திகை பார்ப்பார். "எல்லாரும் ஒரு தடவ ஜோரா கைதட்டுங்க" என்பது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். விசிட்டிங் கார்டில் 'பணியாளர் மேம்பாட்டு ஆலோசகர்' என்று போட்டிருக்கிறார். அப்படியென்றால் என்ன வேலை என்று எதிர்வீட்டு அம்மாள் அவர் மனைவியிடமே ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"வேலை பாக்கறவங்களுக்கு எப்படி வேலை பாக்கறதுன்னு சொல்லித் தர்ற வேலைங்க."

"ஓ. அப்ப அவருக்குன்னு தனியா வேலை எதுவும் இல்ல."

ஒரு காலத்தில் இருந்தது. பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பயிற்சித் துறை, தனி அறை, கூப்பிட்டால் வர ஒரு ஆள். ஒரு காலையில் ஒரு மெயில் வந்தது. துறையே இல்லை என்றார்கள். அதிலிருந்து அவர்தான் முதலாளி, அவர்தான் சிப்பந்தி. பையில் மணி, ஸ்பீக்கர், ஸ்பாஞ்சு பந்து, நூல்கண்டு, மார்க்கர் பேனாக்கள் எல்லாம் அவர் கைக்காசில் வாங்கியவை. எந்தக் கம்பெனியும் கூப்பிடாத மாதங்களில், மனைவியின் போனிலிருந்து தன் போனுக்கு அடித்து, மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். மனைவி மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கிறாள். வீடு ஓடுவது அந்த நிற்றலில்தான்.

இந்தக் கிடங்கு கிடைத்தது பெரிய விஷயம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஒரே ஒரு வகுப்பு, நன்றாக இருந்தால் வருஷம் முழுக்கக் கூப்பிடுகிறோம் என்று ஹெச்.ஆர். மேடம் சொல்லியிருந்தார்.

பாக்கிங் பிரிவுப் பெண்கள் வந்தார்கள். கதவுக்குப் பக்கத்து நாற்காலிகள்தான் முதலில் நிறைந்தன. வட்டத்தில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும் கையைக் கட்டவில்லை. மணிக்கட்டில் பழுப்பு டேப் ரோல் ஒன்று வளையல் மாதிரி மாட்டியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு வரத் தோன்றவில்லை போலிருக்கிறது. டேப் அக்கா என்றால்தான் கிடங்கில் தெரியும். அவளுக்கு அடுத்த நாற்காலியில் சோடாபுட்டி. தடித்த கண்ணாடிக்குள் கண்கள் இரண்டும் மீன்தொட்டியில் மிதப்பதுபோல இருக்கும். இருவருக்கும் ஒரே மேசை. சோடாபுட்டி பெட்டியை மடித்துச் சாமானை அடுக்கித் தள்ளுவாள், டேப் அக்கா டேப் ஒட்டித் தள்ளுவாள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

ஹெச்.ஆர். மேடம் வந்து இரண்டு வார்த்தை பேசினார். சின்ன வயசு, இனிமையான குரல். "மனசு விட்டுப் பேசுங்க, சரியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை யாரும் மனசை விடவில்லை.

கைதட்டு சார் மணியை அடித்தார். "நண்பர்களே, ஒரே ஒரு விதி. இந்த ரூம்ல பேசறது இந்த ரூமோட போயிடணும். நான் உட்பட. சம்மதமா?"

"நாங்க பேசுனாத்தானே சார் வெளிய போறதுக்கு" என்றாள் சோடாபுட்டி. சிரிப்பு எழுந்தது. கட்டிய கைகள் ஒன்றிரண்டு அவிழ்ந்தன. அவருக்குத் தெம்பு வந்தது.

விளையாட்டின் பெயர் இரண்டு நிஜம், ஒரு புளுகு. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். எப்போதும்போல அவரே ஆரம்பித்தார்.

"ஒண்ணு, நான் ஒரு தடவ லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, பகல் பூரா உள்ளயே இருந்திருக்கேன். ரெண்டு, என் ஜோக்குக்கு என் மனைவி இதுவரைக்கும் சிரிச்சதே இல்ல. மூணு, ஒருத்தர் என்னை நம்பிச் சொன்ன விஷயத்த நான் இன்னொருத்தர்கிட்ட சொன்னதே இல்ல."

"ரெண்டாவதுதான் புளுகு" என்றார்கள் பலர். "அது நிஜமாத்தான் இருக்கும்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். லிஃப்ட்தான் புளுகு என்றார் அவர். மற்ற இரண்டும் நிஜம்.

சுற்று நகர்ந்தது. எனக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை, எனக்கு இரட்டைப் பிள்ளைகள், நான் விமானத்தில் போயிருக்கிறேன். டேப் அக்காவின் முறை வந்தபோது அவள், "எனக்கு நீலம் பிடிக்கும், பச்சை பிடிக்கும், செகப்பு பிடிக்காது" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு டேப் ரோலைத் திருகினாள்.

அவர் விட்டிருக்கலாம். ஆனால் இப்படிக் கலர் சொல்லித் தப்பிக்கிற ஆளைத் திறக்கவைப்பதுதான் தன் தொழிலின் சூட்சுமம் என்று அவருக்கு ஒரு எண்ணம் உண்டு. நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"அது துணிக்கடையில சொல்ல வேண்டியதும்மா. இங்க இருக்கறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுங்க. உள்ளேர்ந்து வரணும்."

"உள்ள என்ன சார் இருக்கு."

"நிறைய இருக்கு. முகத்துலயே தெரியுது."

முகத்தில் ஏதோ தெரிகிறது என்று யாரும் அவளிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். டேப் ரோலைத் திருகுவதை விட்டாள்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். அது ஒண்ணு. பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல கப் வாங்கியிருக்கேன். அது ரெண்டு." நிறுத்தினாள். "இங்க டீ பிரேக்ல நான் ஒருநாள்கூட டீ குடிச்சதில்ல. அந்த நேரத்துல வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரரப் புரட்டிப் படுக்கவச்சிட்டு வந்துடுவேன்."

சோடாபுட்டிதான் முந்திக்கொண்டாள். "டீ கதைதான் புளுகு. அக்கா டீ குடிக்கறத நானே பாத்திருக்கேன். அடுத்த ஆள் சொல்லுங்கப்பா."

அவள் குரலில் இருந்த அவசரம் கைதட்டு சாருக்குக் கேட்டது. கேட்டதால்தான் அவர் விடவில்லை. "இருங்க இருங்க. அவங்கதான் சொல்லணும். இங்க பயப்பட ஒண்ணுமில்லம்மா. எது புளுகு?"

"கப்தான் சார்" என்றாள் டேப் அக்கா. "பள்ளிக்கூடத்துல நான் ஓடவே மாட்டேன். ஓடக் கத்துக்கிட்டதெல்லாம் இப்பத்தான்."

பிறகு சொல்லிக்கொண்டே போனாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் அவள் கணவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். வேலைக்கு வருமுன் வலது பக்கம் படுக்கவைப்பாள். டீ பிரேக்கில் இடது பக்கம். சாப்பாட்டு நேரத்தில் மல்லாத்தி. கிடங்கின் பின்புறம் குப்பை கொட்டுவதற்கு ஒரு சின்ன இரும்புக் கதவு, தாழ்ப்பாள் மட்டும் உண்டு. அதைத் தாண்டினால் சாக்கடை மேல் ஒரு சிமென்ட் பலகை, அதற்கப்புறம் அவள் வீட்டு வரிசை. பிரேக் முடிந்தும் அவள் வராவிட்டால், வரும்வரை மேசையில் அவளுக்கும் சேர்த்து டேப் ஒட்டுவது சோடாபுட்டி.

"எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு சார். ஒரு பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுன்னு."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சோடாபுட்டி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கைதட்டு சார் நெகிழ்ந்துபோனார்; நடிப்பில்லை. எழுந்து நின்று, எல்லாரும் ஒரு தடவ கைதட்டுங்க என்றார். கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஹெச்.ஆர். மேடத்தின் கண்ணாடி அறையில் காபி வந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, மேடம் வலியா என்று விசாரித்தார். அப்புறம், "எப்படிப் போச்சு சார்?" என்றார்.

"ரொம்ப நல்லா. எல்லாரும் மனசு விட்டுப் பேசுனாங்க."

"அது சரி. அவுட்புட் என்னன்னு மேல கேப்பாங்க. இதுக்கு முன்னாடி வந்த ஏஜென்சி கிராஃப் எல்லாம் போட்டு ரிப்போர்ட் குடுத்தாங்க." மேடம் பேனாவைத் திருப்பித் திருப்பி மேசையில் தட்டினார். "இந்த வருஷம் டிரெயினிங்கே வேணுமான்னு ஒரு பேச்சு ஓடுது சார். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன."

வருஷம் முழுக்க என்பது அவர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. கையிலிருந்தது ஒன்றுதான்.

"மேடம், பேரு சொல்ல மாட்டேன். உங்க பாக்கிங்ல ஒரு அம்மா இருக்காங்க."

சொன்னார். நன்றாகச் சொன்னார். அது அவர் தொழில். சாரம், படுக்கை, டீ குடிக்காத டீ பிரேக், ஓட்டம், திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒட்டும் டேப். இப்படிப்பட்ட அர்ப்பணிப்பு இந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலை என்று முடித்தார். டேப் என்று சொன்னது அவர் காதிலேயே விழவில்லை.

மேடத்தின் கண்கள் நிஜமாகவே கலங்கின. டிஷ்யூ எடுத்தார். "இவங்கள மாதிரி ஆளுங்கதான் சார் நம்ம சொத்து. ஒரே ஓட்டமா போயிட்டு வந்துடறாங்களா? மெயின் கேட் அந்தப் பக்கமாச்சே."

"பின்னாடி குப்பைக் கதவு இருக்கில்ல மேடம், அந்த வழியா" என்றார் கைதட்டு சார்.

அந்த வாரமே குப்பைக் கதவுக்கு வெல்டிங் வைத்தார்கள். பின் தெருவே வேடிக்கை பார்த்தது. பொறி பறந்து ஒரு வீட்டுக் கொடித்துணியில் ஓட்டை விழுந்ததில் பெரிய சண்டை வேறு. குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. காயாத சிவப்பு பெயின்ட் வழிந்து கீழே சிமென்ட் பலகை வரைக்கும் சொட்டியிருந்தது. குப்பை இனி முன் வாசல் வழியாகத்தான். முன் வாசலில் பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கி நின்று, வரிசையில் நகர்ந்து வெளியே வருவதற்குள் டீ பிரேக் முடிந்துவிடும். திரும்பி உள்ளே போக அதே சடங்கு மறுபடி.

கைதட்டு சாருக்கு அது மனைவி மூலம் வந்தது. சாப்பிடும்போது சொன்னாள்.

"அந்த டேப் ஒட்ற அம்மா கடைக்கு வந்திருந்தாங்க. வீட்டுக்காரருக்கு முதுகுல புண்ணு ஆரம்பிச்சிருக்காம். பவுடர் குடு, களிம்பு குடுங்கறாங்க. களிம்பு தடவுனா போற புண்ணா அது. திருப்பிப் போட ஆளு வேணும்."

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"கதவ அடச்சிட்டாங்களாம். யாரோ போய் ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம்." மனைவி அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். "உங்க கிளாஸ்லதான் அந்தம்மா இதையெல்லாம் சொன்னாங்களாமே."

"ஆமா. சொன்னாங்க."

"நீங்க யார்கிட்டயும் வாய விடலியே?"

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கவுன்ட்டரில் நின்று சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்களைப் பார்த்துப் பழகிய பார்வை. பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்றைக்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகை கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டேப் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் டேப் இல்லை. அது இல்லாத இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த வளையம் மட்டும் இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மனைவி காபி வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"உங்ககிட்ட சொன்னா நடக்கும்னு வந்தேன் சார். மேடத்துக்கு உங்க மேல மரியாத."

"சொல்லுங்கம்மா."

"கதவக்கூட முழுசா திறக்க வேணாம். டீ பிரேக்ல மட்டும் ஒரு ஆள் நின்னு திறந்து விடட்டும். என் பையத் தடவிப் பாக்கட்டும், உடம்பத் தடவிப் பாக்கட்டும். நான் என்ன எடுத்துட்டுப் போயிடப் போறேன், டேப்பையா?"

"கண்டிப்பா பேசறேன்."

"பக்கத்து வீட்டுப் பாட்டிய ஒரு நாள் திருப்பச் சொன்னேன். அதுக்கே ரெண்டு பேர் வேணும். அந்த மனுசன் பாதித் திருப்பத்துல நின்னுட்டாரு, நான் போற வரைக்கும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சரி, விடுங்க. சொல்லிக்குடுத்தது யாருன்னு தெரிஞ்சிடுச்சு சார்."

அவர் காபி டம்ளரை எடுத்தார். சூடு தெரியாமல் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சோடாபுட்டிதான். கேட்டவங்கள்ல வேற யாருக்கு அதுல லாபம்? அவளுக்கு சூப்பர்வைசர் ஆகணும்னு ஆசை. எனக்காக டேப் ஒட்டி ஒட்டி அலுத்துப்போச்சு போல. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நீங்க எங்களுக்கு எவ்வளவு சொன்னீங்க, ரூமுக்குள்ள பேசுனது ரூமோடன்னு. அவளும் தலைய ஆட்டுனா."

"அவங்களா இருக்காதும்மா" என்றார் கைதட்டு சார். குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு மனுசங்கள எல்லாம் நல்லவங்களாத்தான் தெரியும் சார். நான் அவகூடப் பேசறதே இல்ல. மேசைய மாத்திக்குடுங்கன்னு கேட்டுட்டேன்."

அவள் போனபின் காபி டம்ளர்களை எடுக்க வந்த மனைவி, "அவங்களா இருக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் டம்ளர்களோடு உள்ளே போனாள்.

மறுநாளே மேடத்தைப் பார்க்கப் போனார். போகும் வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே போனார். தப்பு என்னுதுதான் மேடம் என்று ஆரம்பிப்பதா, கதவைப் பற்றி ஒரு வேண்டுகோள் என்று ஆரம்பிப்பதா. கண்ணாடி அறைக்கு வெளியே சோபாவில் காத்திருக்கையில் இரண்டையும் மாற்றி மாற்றி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவதுதான் நன்றாக இருந்தது.

மேடம் எழுந்து நின்று வரவேற்றார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். அந்தக் கதைய மேல மீட்டிங்ல சொன்னேன். எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. டிரெயினிங்க நிறுத்தற பேச்சே அப்புறம் வரல."

"ரொம்ப சந்தோஷம் மேடம். அந்தக் கதவு..."

"அதுதான் சார். அந்தக் கண்ணீரோடவே ஒருத்தர் கேட்டாரு, அப்ப பின்கதவு திறந்தா கெடக்குதுன்னு. நல்ல கேள்விதானே. நாளைக்கு அந்த வழியா யாராவது உள்ள வந்தா இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துப்பானா? நீங்க அந்தத் துறையிலேர்ந்து வந்தவரு, உங்களுக்குத் தெரியாததா."

அவருக்குத் தெரிந்ததுதான். ஒத்துக்கொள்ள மாட்டான்.

"டீ பிரேக் நேரத்துல மட்டும் யாராவது நின்னு..."

"ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும் சார். அவங்க முதல்லயே எங்ககிட்ட வந்து கேட்டிருக்கலாம். லீவ் பாலிசி இருக்கு, கவுன்சலிங் இருக்கு. யாரையும் நாங்க போகச் சொல்லல." மேடம் ஒப்பந்தத் தாள் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார். "இப்ப வேற பிரச்சினை. பாக்கிங்ல டீம் உடைஞ்சு கெடக்கு. ரெண்டு பேர் பேசிக்கறதில்ல, மத்தவங்க ரெண்டு கட்சியா நிக்கறாங்க. நம்பிக்கைன்னு ஒரு தலைப்புல நீங்க தொடர்ச்சியா எடுக்கணும். இந்த வருஷம் பூரா. சைன் பண்ணிடலாமா?"

முதல் வாக்கியம் உதட்டுக்குப் பின்னால்தான் நின்றது. பேனா மேடத்துடையது, நல்ல கனம். அவர் கையெழுத்துப் போட்டார்.

"தேங்க்யூ மேடம்."

அன்று வீட்டுக்குப் போகும்போது பின் தெரு வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போனார். முழங்கால் வலித்தது.

மனைவியிடம் வருஷம் முழுக்க வேலை என்று சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாளா என்று சொல்வதற்கில்லை. "கதவு?" என்றாள். "பேசிக்கிட்டிருக்கேன்" என்றார். அதன்பின் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்த டேப் அம்மா வேலைய விட்டுட்டாங்களாம். வீட்டுக்காரர் முதுகுப் புண்ணு எலும்பு தெரியற மாதிரி ஆயிடுச்சாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. இந்தம்மாவும் அங்கயேதான். சொந்தக் காரணம்னு எழுதி வாங்கிக்கிட்டாங்களாம் கம்பெனியில."

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனார். வாசலில் ஆரஞ்சுப் பழம் வாங்கினார். வராந்தாவின் முனையிலிருந்து பார்த்தபோது, கடைசிக் கட்டிலில் டேப் அக்கா கணவனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் ஏதோ சொல்ல, அவள் அவர் தோளில் செல்லமாக ஒரு அடி போட்டாள். கைதட்டு சார் பழத்தை அங்கிருந்த நர்ஸிடம் கொடுத்து, யார் என்று கேட்டால் கம்பெனியில் கொடுத்தார்கள் என்று சொல்லச் சொன்னார்.

நம்பிக்கை வகுப்பு அன்று நாற்காலிகளை வட்டமாகப் போட ஆள் வந்தது; வருஷம் முழுக்க வருபவர் அல்லவா. பயிற்சி அறைக்கு இப்போது பெயர்ப் பலகையே அடித்திருந்தார்கள். ஜன்னலையும் துடைத்திருந்தார்கள். அதன் வழியாகக் குப்பைக் கதவும் சிவப்புப் பட்டையும் தெரிந்தன. அவர் தன் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார்.

பெண்கள் வந்தார்கள். இந்தமுறை கைகட்டியவர்கள் கடைசி வரை அவிழ்க்கவில்லை. சோடாபுட்டிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது.

"போன தடவ ஆடுன ஆட்டத்தையே ஆடலாமா சார்?" என்றாள் ஒருத்தி. "ரெண்டு நிஜம், ஒரு புளுகு. சில பேருக்கு அது நல்லா வரும்." சொல்லிவிட்டுச் சோடாபுட்டியைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றார் அவர். கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. "இன்னைக்கு வேற."

எழுந்து ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு முதுகுப் பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். சாய்பவர் முழங்காலை மடக்கக் கூடாது, காலைப் பின்னால் ஊன்றக் கூடாது. விழுந்துவிடுவோம் என்று தோன்றும் இடத்தைத் தாண்டிப் போவதுதான் நம்பிக்கை என்று விளக்கினார்.

ஜோடிகள் சேர்ந்தன. சோடாபுட்டி நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இவங்களுக்கு ஜோடியா யாராவது வாங்க."

"அவ பின்னாடி நாங்க நிக்கறோம் சார்" என்றாள் முன்பு பேசியவள். "முன்னாடி நின்னு அவளை நம்பிச் சாயறதுக்குத்தான் ஆள் இல்ல."

சிரிப்பு. சோடாபுட்டியும் சிரித்தாள், ஊரோடு சேர்ந்து. பிறகு மேசைக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றி, அவருடைய மணிக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. மூக்கின் இருபுறமும் ஆழமான தழும்பு.

"நீங்களே நில்லுங்க சார் எனக்கு."

அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அப்படி நின்றதில் ஜன்னல் நேரெதிரே வந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அக்கா போன் எடுக்க மாட்டேங்குது சார். ஆஸ்பத்திரிக்குப் போனேன், மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல சார். அன்னைக்கு நான் எப்படி மறைக்கப் பாத்தேன்னு நீங்க பாத்தீங்கல்ல. நீங்க ஒருத்தராவது நம்புறீங்களா?"

"நம்பறேன்" என்றார் கைதட்டு சார்.

"அது போதும் சார். பிடிப்பீங்கல்ல?"

பதில் வரும் முன்பே அவள் சாய்ந்துவிட்டாள். முழங்காலை மடக்கவில்லை, காலை ஊன்றவில்லை. பெட்டி தூக்கிப் பழகிய உடம்பின் மொத்தக் கனமும் அவர் உள்ளங்கைகளில் வந்து விழுந்தது. மற்ற ஜோடிகள் சாய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் எல்லாரையும் கைதட்டச் சொல்வார்.

"சொல்லுங்க சார்" என்றாள் சோடாபுட்டி, மூடிய கண்ணைத் திறக்காமல், அவர் கைகளில் கிடந்தபடி. "எப்ப எந்திரிக்கணும்?"